செப்டம்பரில் வரும் கீச்சான்

செப்டம்பர் பிறந்ததும் பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் கரகரவென்று ஒரு புதுக்குரலைத் தேடிக் கேளுங்கள். அது பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா, வட சீனா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் தெற்கே இறங்கும் பறவை. கண்ணை ஒட்டிய கறுப்புப் பட்டைதான் அடையாளம்.

வேலிக்கம்பத்திலோ புதர் நுனியிலோ காத்திருந்து வெட்டுக்கிளியைப் பாய்ந்து பிடிக்கும். சில சமயம் இரையை முள்ளில் குத்திக் கிழித்துத் தின்னும். தன் எல்லைக்குள் இன்னொரு கீச்சான் நுழைந்தால் கத்தியே விரட்டும். இத்தனை தொலைவு போய்வந்தும் மறு ஆண்டு அதே இடத்துக்குத் திரும்பக்கூடியது என்பதுதான் பெரும் வியப்பு!

 

செம்பனை நிழலைவிட ஓரப் புதர்களே கீச்சானுக்கு உகந்தவை. அவற்றை வெட்டாமல் விடுங்கள்.