ஐந்து கட்டத்தில் 'தமிழ்'

'பைத்தான்' கற்றே தீருவது என்று தடிமனான ஒரு புத்தகம் வாங்கி, மூன்று முறை ஆரம்பித்து, மூன்று முறையும் நாற்பதாம் பக்கத்தோடு நிறுத்தியவன் நான். (கிடோ வான் ரோசம் என்ற டச்சுக்காரர் 1991-இல் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி இது. பெயருக்கும் மலைப்பாம்புக்கும் சம்பந்தமில்லை. பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது.) புத்தகத்தில் வரும் கணக்குகளெல்லாம் வேறு யாருக்கோ வேண்டியவை. பகா எண்களைக் கண்டுபிடித்து நான் என்ன செய்யப் போகிறேன்?

பேத்திக்காக ஒரு விளையாட்டுச் செய்ய உட்கார்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பள்ளியில் அவளுக்கு இந்தியும் மராத்தியும். தமிழ் எழுத்து வீட்டில் என்னிடம் மட்டும்தான். கம்ப்யூட்டர் ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு, எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம் காட்டும்; அவள் ஒவ்வோர் எழுத்தாக ஊகிக்க வேண்டும். இருபது வரிக்குள் எழுதிவிட்டேன். எழுத்துகளை எண்ணுவதற்கு 'லென்' என்று ஒரு கட்டளை இருக்கிறது.

முதல் சொல்லுக்கு ஐந்து கட்டம் வந்தது. தோற்றுப்போனாள். விடை: தமிழ்.

விரலை மடக்கி எண்ணினாள். "த, மி, ழ்... மூணுதானே தாத்தா?" சற்று யோசித்து அவளே, "கம்ப்யூட்டர் தப்பா எண்ணாது. நீங்கதான் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள்.

இதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? அன்று இரவு, சொல்லைத் துண்டு துண்டாக அச்சிடச் சொன்னேன். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து வந்தன. நம் எழுத்து 247. 'யூனிகோடு' என்ற உலகப் பொது முறையில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதியில் மொத்தமே 128 இடங்கள். ஆகவே உயிர், அகரம் ஏறிய மெய், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்குத்தான் தனித்தனி எண். ம-வுக்குப் பின்னால் இகரக் குறி வந்தால் திரையில் 'மி' ஆகத் தெரியும்; 'லென்' அதை இரண்டாக எண்ணும். அம்மாவுக்கு ஐந்து, மாமாவுக்கு நாலு! கம்ப்யூட்டர் சரியாகத்தான் எண்ணியது. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

வழி இதுதான்: சொல்லை முதலிலிருந்து பார்த்துக்கொண்டே போ. வருவது துணைக்குறியோ புள்ளியோ என்றால் முந்திய எழுத்தோடு ஒட்டு. இல்லையேல் புது எழுத்தாகப் பட்டியலில் சேர். கடைசியில் பட்டியலை எண்ணு. ஆறே வரி. ஆனால் 'லூப்', 'இஃப்', 'லிஸ்ட்' மூன்றும் அந்த ஆறு வரியில்தான் மண்டையில் ஏறின. பட்டியலின் கடைசி உறுப்பைப் பிடிக்க சதுர அடைப்புக்குறிக்குள் -1 என்று எழுத வேண்டும். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்திருக்கிறேன். அது எதற்கு என்று அப்போது உறைக்கவில்லை. முந்திய எழுத்தோடு புள்ளியை ஒட்ட வேண்டி வந்தபோது நானே தேடிப் போனேன்.

இந்த வேலைக்கென்றே 'ஓப்பன் தமிழ்' என்று இலவசமாக ஒரு நிரல் தொகுப்பு இருப்பது பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் சுலபமாக முடித்துவிட்டு, ஒன்றும் கற்காமல் இருந்திருப்பேன்.

மறுநாள் காலை, தமிழுக்கு மூன்று கட்டம். பேத்திக்குச் சமாதானம், என் வாத்தியார் உத்தியோகமும் தப்பியது. வீட்டில் எல்லார் பெயரையும் போட்டுப் பார்த்தாள். பாட்டி பெயர் லக்ஷ்மி. நான்கு கட்டம் வந்தது. 'க்ஷ்' இரண்டாக உடைந்துவிட்டது. அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும். அதை அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.