களைக்கு எத்தனை ஆள்? நாமே கணக்குப் போடுவோம்

சென்ற ஆண்டு ஆடியில் என் மஞ்சள் தோட்டத்தில் கோரையும் அருகும் முட்டி உயரம் நின்றன. இரண்டாம் களைக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டேன், மூன்று பேர் வந்தார்கள்.

"மத்தவங்கெல்லாம் கம்பெனி வேன்ல போயிட்டாங்க. அங்க மழை பேஞ்சாலும் வேலை இருக்குதுங்க தம்பி" என்றார் வழக்கமாக வரும் அம்மா. அவர் சொன்னது நியாயம்தான். களைக்கொல்லி அடிக்க மனம் வரவில்லை. களை பதினெட்டு நாள் தள்ளிப்போனது, விளைச்சல் குறைந்தது.

பெருந்துறை சிப்காட் போன்ற இடங்களுக்கு ஆள் கணக்கு முன்கூட்டியே போடுகிறார்கள். உற்பத்தி எவ்வளவு கூடும், அதற்கு என்ன வேலைக்கு எத்தனை பேர், அதில் ஐடிஐ எத்தனை, பட்டதாரி எத்தனை என்று பிரிக்கிறார்கள். இந்தக் கணக்கில் நம் தோட்டம் எங்கே?

25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ல் சட்டம் வந்தது. தனியார் விவசாய வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. பண்ணை இயந்திரம் ஓட்டுபவர் மட்டும் கணக்கில் வந்தார், களைக்கொத்து பிடிப்பவர் வரவில்லை! 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் விவசாயக் கூலிகள் 14.43 கோடிப் பேர். ஆடியில் எங்கள் ஊருக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது அதில் தெரியாது. கிழங்கில் கொத்து படாமல் கோரையை வேரோடு எடுக்கும் அந்த அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் கைத்திறனைக் கல்வித்தகுதியில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அதனால் இந்த ஆண்டு நாங்கள் ஏழு பேர் ஒரு நோட்டுப் போட்டோம். மொத்தம் 9 ஏக்கர் மஞ்சள். ஒரு களைக்கு ஏக்கருக்கு 12 ஆள் என்றால் 108 ஆள். எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டால் களையும் ஒரே வாரத்தில் வரும்; ஆறு நாளில் முடிக்கத் தினம் 18 பேர் வேண்டும். நடவை மூன்று வாரத்துக்குப் பிரித்தால் களையும் 18 நாளுக்குப் பிரியும், தினம் 6 பேர் போதும். அப்படியே முன்பின்னாக நட்டோம். ஏழு தோட்டத்திலும் ஒரே கூலி என்று வேலைக்கு வருபவர்களிடம் முதலிலேயே பேசினோம்.

"தொடர்ந்து வேலை இருந்தா நாங்க ஏனுங்க வேன் ஏறப்போறோம்?" என்றார் அதே அம்மா.

இடையில் இரண்டு நாள் மழை கணக்கைக் கலைத்தது. ஒருநாள் நான்கு பேர்தான் வந்தார்கள். ஆனாலும் எவர் தோட்டத்திலும் களை முட்டி உயரம் வளரவில்லை.

அடுத்த நடவுக்கு விதைமஞ்சள் எடுத்து வைக்கும்போதே உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நோட்டைத் திறங்கள். தோட்டத்துக்காரர் மட்டும் உட்கார்ந்து எழுதாதீர்கள், வேலைக்கு வருபவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.