ரேடியேட்டரின் தலை ஏன் குளிர்கிறது?

ஆய்வுப் பணிக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்தேன். ஜனவரி மாதம். சன்னலுக்கு வெளியே தேங்கிய நீரெல்லாம் உறைந்து கிடக்கிறது. உள்ளே, சுவரோரம் நிற்கும் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி கை சுடுகிறது, மேல்பாதியோ சில்லென்றிருக்கிறது. வெந்நீர் மேலே ஏறும் என்றுதானே நாம் படித்திருக்கிறோம்? இங்கே ஏன் தலைகீழ்?

முதலில் அமைப்பைப் பார்த்துவிடுவோம். அந்நாட்டு வீடுகள் பலவற்றில் எரிவாயுக் கொதிகலன் உண்டு. பெயர்தான் கொதிகலன், நீரை அது கொதிக்கவிடுவதில்லை. பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும், அவ்வளவே. அந்நீரை ஒரு சிறு பம்பு ஒவ்வோர் அறையின் ரேடியேட்டருக்கும் அனுப்புகிறது. வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீர் கொதிகலனுக்கே திரும்புகிறது. அதே நீர்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலை குளிர்ந்தால் அங்கே வாயு தங்கியிருக்கிறது என்று பொருள். குளிர்ந்த நீரில் காற்று கரைந்திருக்கும், சூடானால் வெளியேறும். அடுப்பில் வைத்த பாத்திரத்தில், நீர் கொதிக்கும் முன்பே பக்கங்களில் சிறு குமிழிகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். அவ்வாயு உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு வெந்நீருக்கு இடம் தர மறுக்கிறது.

இதை நீக்கப் பிளம்பர் தேவையில்லை. அமைப்பை நிறுத்தி ஆறவிட வேண்டும். ரேடியேட்டரின் மேல் மூலையிலுள்ள சிறு திருகை, அதற்குரிய சாவியால் அரைச் சுற்றுத் தளர்த்தினால் 'உஸ்' என்று வாயு வெளிவரும். நீர் சொட்டத் தொடங்கியதும் மூடிவிடலாம். அடியில் துணி பிடிக்க மறந்தால், என்னைப் போல் வீட்டுக்காரரின் கம்பளத்தை நனைப்பீர்கள்! அருகில் நெருப்பு கூடவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது. பிறகு அழுத்தமானியைப் பார்த்து, முள் இறங்கியிருந்தால் குழாய் நீரைச் சிறிது உள்ளே விட்டு, ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை கொண்டுவர வேண்டும்.

கொதிகலனின் மூடியை மட்டும் திறக்கக்கூடாது. எரிவாயு சரியாக எரியாவிட்டால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகும், ஆளையே கொன்றுவிடும். பிரிட்டனில் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் உள்ளவர்களே அந்த வேலையைச் செய்யலாம்.

நான் வாயுவை நீக்கினேன். ரேடியேட்டர் முழுவதும் சுட்டது. பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் மீண்டும் தலை குளிர்ந்தது, முள்ளும் இறங்கியிருந்தது. மீண்டும் வாயு நீக்கம், மீண்டும் புதுநீர். இப்படியே ஐந்து ஞாயிறுகள்! பிறகு அடிப்பகுதியும் குளிரத் தொடங்கவே, ஒரு முதிய பிளம்பரை அழைத்தேன். அவர் ரேடியேட்டரைக் கழற்றிச் சாய்த்தார். மைபோல் கரிய நீர் கொட்டியது. "எத்தனை முறை நீர் சேர்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

எஃகு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். மூடிய சுற்றில், முதலில் நிரப்பிய நீரிலுள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகும். அதன்பின் அரிப்பு மிகவும் மந்தமாகிவிடும். புதுநீர் விடும்போதெல்லாம் புதிய ஆக்சிஜனும் உள்ளே போகிறது. அதாவது, துருவுக்கு நானே வாரந்தோறும் தீனி போட்டிருக்கிறேன்! எனக்கு முன் குடியிருந்தவர்களும் இதையே செய்திருக்க வேண்டும். அவ்வளவு சேறு ஐந்து வாரத்தில் சேராது. மேக்னடைட் எனும் கரிய இரும்பு ஆக்சைடு அது. அடியில் படிந்து வெந்நீரை மறித்துவிடும். காந்தம் அதை இழுக்கும். எனவேதான் பல வீடுகளில் குழாயில் காந்த வடிகட்டி பொருத்துகிறார்கள். ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் இரும்பு மெதுவாக நீருடனேயே வினைபுரிவதுண்டு. அப்போது ஹைட்ரஜன் வெளிப்படும். 'உஸ்' என்று வருவது முழுவதும் காற்றாக இராது. நெருப்பு கூடாதென்றது இதனால்தான்.

சரி, முள் ஏன் இறங்கிக்கொண்டே இருந்தது? பிளம்பர் மாடியறைக் கம்பளத்தை உயர்த்திக் காட்டினார். ஒரு வால்வின் இணைப்பில் கசிவு. குழாயின் சூட்டில் நீர் உடனுக்குடன் ஆவியாகிவிட்டதால் ஈரமே இல்லை. செம்புக் குழாயில் பச்சை நிறக் கறை மட்டும் படிந்திருந்தது. ஸ்பானரால் நட்டைக் கால் சுற்று இறுக்கினார். நான் ஊர் திரும்பும் வரை, ஆறிய நிலையில் முள் 1.3 பாரிலிருந்து இறங்கவேயில்லை.