கூகுளில் கிடைக்காத நீலகிரி

ஊரை விட்டு வெளிநாடு வந்தவர்கள் இரவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், கை தானாகவே சொந்த ஊரின் பெயரைத்தான் டைப் செய்யும். கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் ஹாலிஃபேக்ஸ் நகரில் வசிக்கும் எனக்கும் இதே பழக்கம்தான். குளிர்காலத்தில் இங்கு இரவு 10 மணி என்றால் கோத்தகிரியில் மறுநாள் காலை ஏழரை. அங்கே தேயிலை பறிக்கக் கிளம்பும் நேரத்தில் நான் இங்கே மவுஸைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பேன்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று எதைத் தேடினாலும் முதலில் வருபவை ஹோட்டல்கள். அவற்றைத் தாண்டினால் சுவாரசியமான தகவல்கள் நிறையவே உண்டு. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஓடும் மலை ரயில், 2005ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மத்தியில் உள்ள பல் பட்டையைக் கவ்விக்கொண்டு அது ஏறும் வீடியோக்களை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஸ்நூக்கர் விளையாட்டைத் தேடினாலும் நம் ஊர் வருகிறது. 1875ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லைன் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் இந்த விளையாட்டின் விதிகள், பிறகு ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன. (இவர் பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர் அல்ல, அதே பெயர் கொண்ட வேறு ஒருவர்.)

பழைய புத்தகங்களும் கிடைக்கின்றன. ரிச்சர்ட் பர்ட்டன் ஊட்டியில் தங்கிய அனுபவத்தைச் சேர்த்து எழுதிய "கோவாவும் நீலமலைகளும்" 1851ல் வந்தது. தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் எழுதிய பெரிய புத்தகம் 1906ல் வந்தது. இரண்டும் காப்புரிமைக் காலம் முடிந்தவை என்பதால், இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

இப்படிச் சேர்த்த பக்கங்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. இவற்றில் பெரும்பாலானவை வந்துபோனவர்கள் எழுதியவை. மலையில் பிறந்தவர்களின் பேச்சு எங்கே? தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி இருக்கும் மாவட்டம் இது. அந்த மொழிகளை இன்டர்நெட்டில் காதால் கேட்க முடியுமா என்று தேடத் தொடங்கினேன்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மந்து

முதலில் அகப்பட்டது தோடா மொழி. கிடைத்த இடம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ்! அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆய்வுக்கூடம், 200க்கும் மேற்பட்ட மொழிகளின் ஒலிப்பதிவுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. "யுசிஎல்ஏ போனடிக்ஸ் லேப் ஆர்க்கைவ்" என்று தேடினால் வரும். மொழியின் பெயரைக் கிளிக் செய்தால் சொற்பட்டியலும், அதைப் பேசுபவர்களின் குரலும் கிடைக்கும். கட்டணம் இல்லை.

தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர்தான். ஆனால் அவர்கள் மொழியில் உள்ள ஒலிகள் உலகத்து அறிஞர்களையே வியக்க வைத்தவை. தமிழில் ர, ற வித்தியாசத்தையே நம்மில் பலர் பேச்சில் விட்டுவிட்டோம். தோடாவில் நாக்கு நுனி பல் அருகே, சற்று மேலே, மடங்கிய நிலையில் என்று மூன்று இடங்களில் அதிரும் மூன்று ரகரங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயல் ஏறிய இன்னொரு வடிவமும் உண்டு. ஆக மொத்தம் ஆறு!

இந்த ஒலிகளை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் பேராசிரியர் பீட்டர் லேடிஃபோகெட்டும், நம் நாட்டு அறிஞர் பெரி பாஸ்கர ராவும். லேடிஃபோகெட், 1964ல் வந்த "மை ஃபேர் லேடி" ஹாலிவுட் படத்துக்கு ஒலியியல் ஆலோசகராக இருந்தவர். அந்தப் படத்தில் வரும் உயிரெழுத்து ஒலிப்பதிவுகள் அவர் குரல்தான். 2006 ஜனவரியில், இந்தியாவில் ஓர் ஆய்வுப் பயணத்தை முடித்துத் திரும்பும் வழியில் லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு 80 வயது. அந்த வயதிலும் ரிக்கார்டருடன் பயணம் செய்திருக்கிறார்.

மூன்று "பெ"

என் வீட்டு மொழி படுக மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 1.33 லட்சம் பேர். கணக்கெடுப்பு இதைத் தனி மொழியாக எண்ணாமல் கன்னடத்தின் கீழ் வைத்திருக்கிறது.

லேடிஃபோகெட்டும் இயன் மேடிசனும் 1996ல் வெளியிட்ட உலக மொழிகளின் ஒலிகள் பற்றிய புத்தகத்தில் படுக மொழிக்கு ஒரு தனி இடம் உண்டு. காரணம், மூன்று சொற்கள். "பெ" என்றால் வாய். நாக்கைச் சற்று மடக்கி அதே "பெ" சொன்னால் வளையல். இன்னும் நன்றாக மடக்கிச் சொன்னால் பயிர். மூன்றிலும் இருப்பது ஒரே உயிரொலிதான். நாக்கின் மடிப்பு மட்டும் மாறுகிறது. தமிழில் "வளை" என்று ளகரத்தைத் தனியாகச் சொல்கிறோம். படுக மொழியில் அந்த மெய், உயிருக்குள் கரைந்துவிட்டது. "ஏழு" என்ற சொல்லில் உள்ள ழகரத்துக்கும் இதே கதிதான். இப்படி இரண்டு படிகளில் நாக்கு மடங்கும் உயிரொலிகள் உலக மொழிகளில் மிக அபூர்வம்.

கம்ப்யூட்டரில் இதை எப்படி எழுதுவது? தமிழ் எழுத்தில் மூன்றும் "பெ"தான். உலக ஒலியெழுத்து முறையில், எழுத்தின் பக்கத்தில் ஒரு சின்ன கொக்கி போட்டு நாக்கு மடிப்பைக் காட்டுவார்கள். யூனிகோடில் அந்தக் கொக்கிக்குத் தனி எண்ணே இருக்கிறது. ஆனால் நம் போன் கீபோர்டில் அது இல்லை. எனவே நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் படுக மொழியைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதும்போது, வாய்க்கும் வளையலுக்கும் பயிருக்கும் வித்தியாசம் போய்விடுகிறது. எழுத்தில் போனது கொஞ்ச நாளில் பேச்சிலும் போகும். ஹாலிஃபேக்ஸில் வளரும் என் மகனுக்கு மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கின்றன. ஊரில் இருக்கும் என் அவ்வெக்கு 78 வயது. அவர் சொன்னால் மூன்றும் தனித்தனியாக விழும்.

ஒரு மணி நேரத் தூரத்தில்

இந்த மூன்று "பெ"யை முதலில் காதால் பிரித்துக் கேட்டு உலகத்துக்கு எழுதியவர் யார் என்று தேடியபோதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. அவர் பெயர் முர்ரே எமனோ. 1935ல் இருந்து 1938 வரை இந்தியாவில் தங்கி தோடா, கோத்தா, படுக மொழிகளைப் படித்தவர். படுக மொழியின் உயிரொலிகள் பற்றிய அவரது கட்டுரை 1939ல் வந்தது. தாமஸ் பரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961ல் வெளியானது. 1971ல் தோடர் பாடல்களை ஒரு பெரிய புத்தகமாகக் கொண்டு வந்தார். 2005ல் 101 வயதில் கலிபோர்னியாவில் மறைந்தார்.

அவர் பிறந்தது 1904ல், லூனன்பர்க் என்ற மீன்பிடி ஊரில். அது எங்கே இருக்கிறது தெரியுமா? நான் வசிக்கும் ஹாலிஃபேக்ஸில் இருந்து சுமார் 100 கிலோமீட்டரில்! நீலமலைக்காரன் பூமியின் மறுபக்கத்தில் வந்து குடியேறினால், நீலமலை மொழிகளை எழுதி வைத்தவர் பக்கத்து ஊர்க்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். துறைமுகச் சரிவில் வண்ண வண்ண மர வீடுகள். இந்த ஊரும் 1995ல் இருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 1921ல் இங்கே கட்டிய "புளூநோஸ்" என்ற பாய்மரக் கப்பலின் படம்தான் கனடாவின் 10 சென்ட் நாணயத்தில் உள்ளது.

இந்த ஊரின் வரலாறு எனக்கு இன்னொரு பாடமும் சொன்னது. 1753ல் இங்கே குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுபவர்கள். தலைமுறை தலைமுறையாகப் பேசிய அந்த ஜெர்மன் மெல்ல மெல்ல மறைந்து, ஊர்க்காரர்களின் ஆங்கிலத்தில் ஒரு சாயலாக மட்டும் மிஞ்சியது. அந்தச் சாயலைக் கவனித்து 1935ல் கட்டுரை எழுதியவரும் எமனோதான். முதலில் தன் ஊர்ப் பேச்சை எழுதி வைத்தார். பிறகு நம் ஊருக்கு வந்து நம் பேச்சையும் எழுதி வைத்தார்.

அவருடைய அகராதியின் 1984 பதிப்பு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதிகள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 5,000க்கும் மேற்பட்ட பதிவுகள். "எருமை" என்று தேடிப் பாருங்கள். கன்னடத்தின் "எம்மெ", தோடாவின் "இர்" எல்லாம் ஒரே வரிசையில் உறவினர்கள்போல் நிற்கும்.

இன்றைய நிலை

உலக மொழிகள் ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் துறையில் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. தோடாவுக்கு டிசிஎக்ஸ், கோத்தாவுக்கு கேஎஃப்இ, படுக மொழிக்கு பிஎஃப்க்யூ. குறியீடு இருக்கிறதே தவிர, அதற்குள் போட்டு வைக்கச் சரக்கு குறைவு. 2024 ஜூனில் கூகுள் டிரான்ஸ்லேட் ஒரே நேரத்தில் 110 மொழிகளைச் சேர்ப்பதாக அறிவித்தது. துளு அதில் இடம் பிடித்தது. நீலகிரியின் மொழி ஒன்றுகூட இல்லை. யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் பட்டியலில் மட்டும் தோடாவுக்கும் கோத்தாவுக்கும் இடம் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு ஒரு மொழியைக் கற்றுத்தர நிறைய எழுத்தும் நிறைய ஒலியும் வேண்டும். எழுத்து இல்லாத மொழிக்கு இருப்பது ஒலி மட்டுமே. அந்த ஒலி பெரியவர்களிடம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் இருப்பவை தனிச் சொற்கள். நம் வீட்டுப் பேச்சை நாம்தான் பதிய வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

நீலகிரி என்றில்லை, எந்த ஊர்ப் பேச்சுக்கும் இது பொருந்தும். பெரிய செலவு இல்லை.

1. உங்கள் போனில் உள்ள வாய்ஸ் ரிக்கார்டர் போதும். செட்டிங்ஸில் வேவ் ஃபார்மேட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் உயர்ந்த தரத்தை வையுங்கள். எம்பி3 கோப்பு சிறியதாக இருக்கும். ஆனால் சுருக்கும்போது நுணுக்கமான ஒலிகள் சில போய்விடும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ வேவில் 10 நிமிடம் பதிந்தால் சுமார் 50 எம்பி ஆகும். இன்றைய மெமரி கார்டுக்கு இது ஒன்றுமே இல்லை.

2. டிவி, மிக்ஸி சத்தம் இல்லாத அறை வேண்டும். போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, பேசுபவரிடம் இருந்து ஒரு சாண் தூரத்தில், ஒரு துண்டின் மேல் வையுங்கள். தகரக் கூரை வீடு என்றால் மழை விடும் வரை காத்திருங்கள்.

3. முதலில் அனுமதி கேளுங்கள். பிறகு தேதி, ஊர், பேசுபவரின் வயது ஆகியவற்றைச் சொல்லித் தொடங்குங்கள். சாவு வீட்டுப் பாடல், சாமி பாடல் போன்றவற்றைப் பொதுவில் போடலாமா என்பதை ஊர்ப் பெரியவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

4. "ஏதாவது பேசுங்கள்" என்றால் யாருக்கும் பேச்சு வராது. கேழ்வரகு விதைத்தது எப்படி, கல்யாணத்துக்கு எத்தனை மைல் நடந்தார்கள், காட்டுக் கீரைகளின் பெயர் என்ன என்று கேளுங்கள். சொல் தானாக வரும்.

5. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும். கோப்பை டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள். ஒரு பிரதி பென்டிரைவில், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும்.

6. வெட்ட, ஒட்ட ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் போதும். ஒலியைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோடு செய்யுங்கள். உயிரொலி அதில் கருப்புப் பட்டைகளாகத் தெரியும். நாக்கு மடங்க மடங்க, கீழிருந்து மூன்றாவது பட்டை இறங்கி வரும். மூன்று "பெ"யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்தில் காணாத வித்தியாசம் திரையில் தெரியும்.

நான் இதை ஆரம்பித்து சில மாதங்கள் ஆகின்றன. சனிக்கிழமை இரவு நான் கேள்விகளை அனுப்புவேன். ஊரில் என் அண்ணன் மகன் அவ்வெயின் பக்கத்தில் உட்கார்ந்து ரிக்கார்டு பட்டனை அழுத்துவான். இதுவரை 14 கோப்புகள் சேர்ந்திருக்கின்றன. எங்கள் ஹட்டியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மேட்டுக்கும் ஓடைக்கும் தனிப் பெயர் உண்டு என்பது ஒன்பதாவது கோப்பில்தான் எனக்கே தெரிந்தது. தேயிலைக்கு முன் அங்கே என்ன விளைந்தது என்பதையும் அந்தப் பெயர்களே சொல்கின்றன. கூகுள் மேப்பில் அந்த இடமெல்லாம் வெறும் பச்சை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதல் கோப்பின் பெயரில் தேதியைப் போட மறக்காதீர்கள்.