சரயேவோவின் யூத வீதிகள்: அண்டை வீட்டாரிடம் இருந்த அமானிதம்

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவுக்குச் செல்லும் முஸ்லிம் குடும்பங்கள் முதலில் தேடிப் போவது பழைய கடைவீதியான பஷ்சார்ஷியாவைத்தான். செம்புப் பாத்திரம் தட்டும் பட்டறைகள், காபிக் கடைகள், அருகிலேயே 1531இல் கட்டி முடிக்கப்பட்ட காஸி குஸ்ரெவ் பேக் பள்ளிவாசல். அங்கே இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

அதே பள்ளிவாசலிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் இன்னொரு வரலாறு இருக்கிறது. நகர வழிகாட்டிகள் பயணிகளை நடத்தியே அழைத்துச் சென்று காட்டும் யூதர்களின் வரலாறு அது. "அவர்களுடைய வரலாறு நமக்கு எதற்கு?" என்று கேட்கத் தோன்றலாம். நடந்து பார்த்தால், அதில் பாதி நம்முடைய வரலாறு என்பது புரியும்.

பெரிய முற்றம்

முதலில் நிற்கும் இடம், கல்லால் கட்டப்பட்ட பழைய யூத ஆலயம். இன்று அது யூத அருங்காட்சியகம். 1581ஆம் ஆண்டையொட்டி, உஸ்மானிய ஆளுநர் சியாவுஷ் பாஷா வசதியற்ற யூதக் குடும்பங்கள் தங்குவதற்காக இங்கே ஒரு பெரிய கட்டடம் எழுப்பினார். அதையொட்டி ஆலயமும் அமைந்தது. மக்கள் அந்த இடத்தைப் 'பெரிய முற்றம்' என்று அழைத்தார்கள்.

இந்த யூதர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? ஸ்பெயினிலிருந்து. 1492 ஜனவரியில் கிரனடா வீழ்ந்து, அந்தலூஸில் முஸ்லிம் ஆட்சி முடிந்தது. அதே ஆண்டு மார்ச் மாதம், மதம் மாறாத யூதர்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று ஸ்பெயின் அரசு ஆணையிட்டது. பத்து ஆண்டுகளில் அதே கட்டளை காஸ்டில் நாட்டு முஸ்லிம்கள் மீதும் பாய்ந்தது. மதம் மாறியவர்களின் சந்ததியினரும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டார்கள். இரு சமூகத்தையும் துரத்தியது ஒரே கைதான். வெளியேறிய யூதர்களில் பலருக்கு உஸ்மானிய நாடு புகலிடம் ஆனது. அவர்கள் சரயேவோவிலும் நானூறு ஆண்டுகள் வரை தங்கள் பழைய ஸ்பானிய மொழியையே வீட்டில் பேசினார்கள்.

எல்லாம் சமத்துவமாக இருந்தது என்று மிகைப்படுத்தக் கூடாது. ஜிஸ்யா வரி இருந்தது, சில கட்டுப்பாடுகளும் இருந்தன. அநியாயம் செய்த ஆட்சியாளரும் இருந்தார். 1819ஆம் ஆண்டையொட்டி ருஷ்தி பாஷா என்ற ஆளுநர் யூத மதகுரு மோஷே தனோனையும் சில பிரமுகர்களையும் சிறைப்பிடித்து, பெரும் தொகை கொடுத்தால்தான் விடுவேன் என்றார். அப்போது திரண்டுபோய் சிறையைத் திறந்து அவர்களை மீட்டவர்கள் அந்த நகரத்து முஸ்லிம்களே. சரயேவோ யூதர்கள் அந்த நாளை நன்றியோடு நினைவுகூர்ந்து வந்தார்கள்.

இடிந்த மண்டபம்

அடுத்து வழிகாட்டிகள் காட்டுவது, இன்று பண்பாட்டு மையமாக இயங்கும் பெரிய கட்டடம். 1930இல் திறக்கப்பட்டபோது அது பால்கன் பகுதியின் மிகப் பெரிய யூத ஆலயங்களில் ஒன்று. 1941 ஏப்ரலில் நாஜிப் படை நகருக்குள் நுழைந்தது, ஆலயம் சூறையாடப்பட்டது. நகரில் அப்போது 10,000க்கும் அதிகமான யூதர்கள் இருந்தார்கள். நாஜிகளும் அவர்களுடைய கூட்டாளிகளான உஸ்தாஷாக்களும் அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றார்கள். மிலியாட்ஸ்கா ஆற்றின் மறுகரையில் 1902இல் கட்டப்பட்ட ஆலயம்தான் இன்று எஞ்சியிருக்கும் சில நூறு பேரின் வழிபாட்டிடம்.

அந்த நாட்களில் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? நேர்மையாகச் சொன்னால், இரண்டும் செய்தார்கள். 1943இல் நாஜிகள் அமைத்த ஹந்ஷார் படைப்பிரிவில் ஆயிரக்கணக்கான போஸ்னிய முஸ்லிம்கள் சேர்ந்தார்கள். மறுபக்கம், 1941 அக்டோபரிலேயே சரயேவோவின் ஆலிம்களும் பிரமுகர்களும் நடந்த அநியாயங்களைக் கண்டித்து, அவற்றில் பங்கெடுத்த முஸ்லிம்களோடு தங்களுக்குத் தொடர்பில்லை என்று பகிரங்கமாக அறிவித்தார்கள்.

ஸெய்னபா ஹர்தாகா என்ற பெண்மணி, வீடு இழந்த யூதர் யோசெஃப் கபில்யோவின் குடும்பத்தைத் தன் வீட்டில் வைத்துக் காத்தார். தெருவில் நடக்கையில், உடன்வந்த யூதப் பெண்ணின் கையிலிருந்த மஞ்சள் அடையாளத்தைத் தன் முகத்திரையால் அவர் மறைத்தபடி செல்லும் புகைப்படம் இன்றும் உள்ளது. ஸெய்னபாவின் தந்தை அஹ்மத் ஸாதிக்கும் யூதர்களுக்கு அடைக்கலம் தந்தவர். அதற்காக யாஸெனோவாட்ஸ் முகாமில் உயிரை இழந்தார்.

மூஸா (அலை) வரலாறு சொல்லும் ஏடு

தேசிய அருங்காட்சியகம் சற்றுத் தொலைவு. டிராமில் போகலாம். அங்கே தனி அறையில் ஒரு பழைய நூல் பாதுகாக்கப்படுகிறது. பெயர், சரயேவோ ஹகாதா. சுமார் 1350இல் ஸ்பெயினில் எழுதி, பொன்னும் வண்ணமும் தீட்டியது. மூஸா (அலை) அவர்களும் பனூ இஸ்ராயீல்களும் ஃபிர்அவ்னிடமிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் இரவில் வாசிக்கும் ஏடு இது. ஆஷூரா நோன்பு வைக்கும் நமக்கு அந்த விடுதலையின் கதை புதிதல்ல.

1942இல் ஜெர்மானியத் தளபதி ஒருவர் அருங்காட்சியகத்துக்கே வந்து இந்த ஏட்டைக் கேட்டார். நூலகப் பொறுப்பில் இருந்தவர் தர்வீஷ் கோர்குத். ஆலிம் குடும்பத்தில் பிறந்து இஸ்தான்பூலில் மார்க்கக் கல்வி பயின்றவர். ஏட்டை இடுப்பில் செருகி உடைக்குள் மறைத்துக்கொண்டார். வேறொரு அதிகாரி ஏற்கெனவே வந்து வாங்கிச் சென்றுவிட்டார் என்று தளபதியிடம் சொல்லப்பட்டது. பின்னர் அது மலைக் கிராமத்துப் பள்ளிவாசல் ஒன்றில், குர்ஆன் பிரதிகளோடு சேர்த்து மறைத்து வைக்கப்பட்டது என்பது அந்த நகரம் சொல்லும் வரலாறு. அதே ஆண்டு கோர்குத்தும் அவர் மனைவியும் ஓர் இளம் யூதப் பெண்ணை முஸ்லிம் பணிப்பெண் போல உடுத்தவைத்து வீட்டிலேயே காத்தார்கள்.

இந்த நன்மை வீண்போகவில்லை. 1999இல் கொசோவோ போரில் துரத்தப்பட்ட கோர்குத்தின் மகள், தந்தையின் செயலைச் சொல்லும் சான்றிதழைக் காட்டியபோது, உதவிக்கு வந்தவர்கள் யூதர்கள்.

முற்றுகை நாட்கள்

1992 முதல் 1996 வரை, 1,425 நாட்கள் சரயேவோ முற்றுகையில் கிடந்தது. குண்டுமழைக்கு நடுவே ஹகாதாவை மீண்டும் மீட்டெடுக்கச் சென்றவர்களுக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு முஸ்லிமே, அருங்காட்சியக இயக்குநர் என்வர் இமாமோவிச். அதே நாட்களில், யூதர்கள் 1892இல் தொடங்கிய 'லா பெனெவொலென்சியா' என்ற அறநிலையம் உணவுக்கூடமும் மருந்தகமும் நடத்தியது. முஸ்லிம், செர்பியர், குரோஷியர் என்று பிரிக்காமல் வந்தவர் அனைவருக்கும் கொடுத்தது. பசித்த முஸ்லிம் வீடுகளில் யூத அறநிலையத்தின் சோறு வெந்தது.

நடை முடிவது மலைச்சரிவில் உள்ள யூத அடக்கத்தலத்தில். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கு அடக்கம் நடந்திருக்கிறது. அந்தக் கற்களின் மறைவிலிருந்துதான் முற்றுகைப் படையினர் கீழே நகரத்து மக்களைச் சுட்டார்கள். கப்ருக் கற்களில் குண்டுத் தழும்புகள் இன்றும் தெரிகின்றன. அங்கே நிற்கும்போது, யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்ற நபி (ஸல்) அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஓர் உயிர்தானே என்று தோழர்களிடம் கேட்டவர்கள் அவர்கள்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

காஸாவின் குழந்தைகளைப் பார்த்து நம் நெஞ்சம் எரிகிறது. எரியத்தான் வேண்டும். ஆனால் ஓர் அரசின் அநியாயத்துக்காக ஒரு சமூகம் முழுவதையும் வெறுக்கும் பேச்சு நம் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் வழக்கமாகிவிட்டதா என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

ஹிஜ்ரத் இரவில், தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் பொருட்கள் நபி (ஸல்) அவர்களிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். பகைவனின் பொருளே அமானிதம் என்றால், அண்டை வீட்டாரின் உயிரும் ஆலயமும் ஏடும் எவ்வளவு பெரிய அமானிதம்! கோர்குத் புரிந்துகொண்டது இதைத்தான்.

படிப்புக்கும் வேலைக்கும் நம் பிள்ளைகள் ஐரோப்பா போகும் காலம் இது. சரயேவோ போக வாய்த்தால், குஸ்ரெவ் பேக் பள்ளிவாசலில் தொழுத பிறகு பெரிய முற்றம் வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். அமானிதம் பேணுவோரில் அல்லாஹ் நம்மையும் சேர்ப்பானாக. ஆமீன்.