டப்பாவுக்குள் இருப்பது யார், தெரியுமா?

செல்லப்பிராணிக் கடைக்காரர் டப்பாவை நீட்டி, “மெக்சிகோ செம்முட்டி டாரன்டுலா, பிராக்கிபெல்மா ஸ்மிதி” என்கிறார். கறுத்த உடம்பு, முட்டிகளில் நெருப்புத் தீற்றல். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இருக்கிறது! அந்தப் பெயரில் பல ஆண்டுகளாக உலகமெங்கும் விலைபோன சிலந்திகளில் ஏராளமானவை ஸ்மிதியே அல்ல, தெரியுமா? 2017-இல் மெண்டோசா, பிராங்கே என்ற இரு ஆய்வாளர்கள் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்துக் குட்டை உடைத்தார்கள். அவை பிராக்கிபெல்மா ஹமோரி! ஸ்மிதிக்குச் சொந்த ஊர் மெக்சிகோவின் கெரேரோ மாநிலம். ஹமோரிக்கோ கொலிமா, ஹலிஸ்கோ பக்கம். பார்வைக்கு அசல் இரட்டைப் பிள்ளைகள்.

நிறத்தை நம்பி வாங்குபவரா நீங்கள்? மார்டினீக் தீவின் கரிபெனா வெர்சிகலர் குஞ்சாக இருக்கும்போது பளீர் நீலம். வளர வளர முதுகோடு பச்சையாகி, வயிறு சிவந்துவிடும்! தென் அமெரிக்க அவிகுலேரியாவோ இன்னும் வேடிக்கை: குஞ்சுக்கு வெளிறிய கால்களில் கறுத்த பாதம்; பெரியதானால் கறுத்த கால்களில் இளஞ்சிவப்புப் பாதம். போதாக்குறைக்கு, தோலுரிக்கும் நாள் நெருங்கினால் எந்தச் சிலந்தியும் மங்கிப்போய் ஏமாற்றும்.

சரி, எதைத்தான் நம்புவது? அது உரித்துப் போட்ட தோலை! குப்பையில் வீசிவிடாதீர்கள். டாரன்டுலா வெளித்தோலை மட்டுமா கழற்றுகிறது? பெண் சிலந்தி ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் உள்ளறையின் உறையும் கூடவே கழன்று வந்துவிடுகிறது! வயிற்றுப் பகுதித் தோலை, சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல விரித்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். அந்த அறை இருந்தால் பெண். அதன் வடிவமோ பல பேரினங்களில் இனத்துக்கு இனம் வேறு. வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்பேன். ஆண்-பெண் தெரிவதில் இன்னொரு லாபமும் உண்டு: பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் கூட வாழும், ஆணோ பருவமடைந்தபின் அதிக காலம் தாங்காது.

உலகின் மிகப் பெரிய சிலந்தி என்று பெயரெடுத்த தெரபோசா பிளாண்டியை அடையாளம் காண முட்டியைப் பார்க்க வேண்டும், தெரியுமா? அங்கே முடி இருந்தால் பிளாண்டி. வழவழவென்றிருந்தால் அதன் உறவுக்காரரான ஸ்டிர்மி. 2010-இல்தான் அதற்குத் தனிப்பெயரே கிடைத்தது!

வயிற்றின் பின்பக்கம் வழுக்கையா? அமெரிக்கக் கண்டத்துச் சிலந்தியாகத்தான் இருக்கும். பயந்தால் அரிப்பு முடியைக் காலால் உதறிப் பறக்கவிடும் வித்தை நம் பக்கத்து இனங்களுக்குத் தெரியாது. அவை கடிக்கும்! இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொசிலோதேரியா கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கலாம். அதன் இனம் அறிய, கண்ணாடிச் சுவரில் ஏறி நிற்கும்போது அடிப்பக்கம் பாருங்கள். கால்களின் அடியிலுள்ள மஞ்சள், கறுப்புப் பட்டைகள்தான் அடையாள அட்டை. இந்தக் கூட்டத்தின் நீல அழகியான மெட்டாலிகாவுக்கு 1899-இல் விலங்கியலாளர் போகாக் பெயரிட்டார். ஆந்திரத்தின் கூட்டி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது அது. பிறகு 100 ஆண்டுகளுக்கு மேல் ஆளையே காணோம். 2001-இல் நந்தியால்–கித்தலூர் காட்டில் மீண்டும் தலைகாட்டியது. அந்த நீலத்தில் சாயம் துளியும் இல்லை! முடிகளின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்துக் காட்டும் மாயம்.

ஆய்வாளர்களே திணறிய கதையும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அபோனோபெல்மா டாரன்டுலாக்களுக்கு 50-க்கு மேல் பெயர்கள் குவிந்து கிடந்தன. 2016-இல் மரபணுவை வைத்துச் சலித்தபோது தேறியது 29 இனம். அதில் 14 புத்தம் புதியவை! கலிபோர்னியாவின் போல்சம் சிறைச்சாலை அருகே கிடைத்த ஒன்றின் ஆண் சிலந்தி முழுக் கறுப்பு. அந்தச் சிறையைப் பாடிய, கறுப்பு உடை பாடகர் ஜானி கேஷின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள்.