உறைந்த ஏரியின்மேல் தூண்டில் ரீல்

தண்ணீருக்கு விந்தையான இயல்பு ஒன்று உண்டு. பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனத்துக்கொண்டே போகும். தண்ணீரோ செல்சியஸ் 4 டிகிரி வரையில்தான் அவ்வாறு சுருங்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் மீண்டும் விரியத் தொடங்கும். ஆகவே கடுங்குளிரில் ஓர் ஏரி மேலிருந்து கீழாக உறைகிறது. பனிக்கட்டி கூரைபோல் மூடிக்கொள்ள, அதன் அடியில் உறையாத நீரில் மீன்கள் உயிரோடு உலாவுகின்றன. இந்த ஓர் இயல்பு இல்லையாயின், நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கே இடமில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடக்கெல்லையில் மின்னசோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதனைப் பதினாயிரம் ஏரிகளின் நாடு என்பார்கள். அந்தப் பெயர் உண்மையைக் குறைத்தே சொல்கிறது. பத்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் 11,842 என்பது அம்மாநிலத்தார் கணக்கு. அவற்றுள் மிகப் பெரியனவற்றில் ஒன்று மில் லாக்ஸ். ஏறத்தாழ 1,32,000 ஏக்கர் பரப்புடைய அந்த ஏரி, மிக ஆழமான இடத்திலும் சுமார் 42 அடிதான். குளிர்காலத்தில் அது உறைந்து இறுகியபின், மக்கள் அதன்மேல் சிறு மரக்குடில்களை இழுத்துவந்து நிறுத்தி, பனிக்கட்டியில் துளையிட்டு, வாலாய், பெர்ச் முதலிய மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிக்கின்றனர். 4 அங்குலமாவது திண்மை பெறாத பனிக்கட்டியின்மேல் கால் வைக்கலாகாது என்பது அரசினர் விடுக்கும் எச்சரிக்கை. குளிரின் கொடுமைக்கு ஒரு சான்று சொல்கிறேன்: 1996 பிப்ரவரி 2ஆம் நாள் டவர் என்னும் ஊரில் வெப்பநிலை பாரன்ஹீட் பூஜ்யத்திற்குக் கீழே 60 டிகிரிக்கு இறங்கிற்று. அது செல்சியஸ் பூஜ்யத்திற்குக் கீழே 51 டிகிரியாகும். அத்தகைய நாள் அரிதே; ஆயினும் பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி என்பது அங்கே ஜனவரியில் எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை.

அம்மாநிலத்தில் நான் கழித்த ஒரு குளிர்காலத்தில், அண்டை வீட்டு முதியவர் ஒருவருடன் ஏரிக்குச் சென்றிருந்தேன். அன்று மாலை அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் வருவதாக இருந்தது. ஏரி மீனைக்கொண்டு அவர்களுக்கு விருந்து செய்வதாகச் சொல்லியிருந்தார். அவர் கையிலிருந்த ரீல் புதியது, விலையும் மிகுதி. கடையில் சுழற்றிப் பார்த்தபோது வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு ஓடிற்றாம். நான்கு மணி நேரம் காத்திருந்தபின், பொழுது சாயும் வேளையில் நல்ல மீன் ஒன்று கவ்வியது. அவர் கோலை மேலே தூக்கினார். அந்தக் கணத்தில் ரீலின் கைப்பிடி அவர் விரலைவிட்டு நழுவிப் பின்புறமாக விர்ரென்று சுழன்றது. நரம்பு தளர்ந்தது, மீன் முள்ளை உமிழ்ந்துவிட்டுப் போயிற்று. அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றைய விருந்துக்குக் கடையிலிருந்து கோழி வந்தது.

கடையில் அத்துணை நயமாக ஓடிய கருவி, களத்தில் ஏன் கைவிட்டது? இதற்கு விடை காணவேண்டுமானால் ரீலின் உள்ளே சிறிது நோக்கவேண்டும்.

மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் எண்ணெய் இறங்காமை நாம் அறிந்ததே. நம் ஊர்க் குளிருக்கே அது அப்படிக் கட்டிப்போகிறது. ரீலில் பூசப்படும் கிரீஸ் அவ்வளவு எளிதில் உறைவதன்று. ஆனால் பூஜ்யத்திற்குக் கீழே இருபது டிகிரியில் அதுவும் பிசின்போல் இறுகிவிடும். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாதபடி தடுப்பதற்கு இக்காலத்து ரீல்களில் ஒரு சிறு பேரிங் வைத்திருக்கிறார்கள். அதில் ஊசிபோன்ற உருளைகள் பல உண்டு. ஒவ்வோர் உருளையையும் மிக மெல்லிய ஸ்பிரிங் ஒன்று குறுகிய சந்தில் தள்ளி இறுக்கினால்தான் தடை விழும். கிரீஸ் இறுகிக்கிடந்தால் அந்த மெல்லிய ஸ்பிரிங்குக்கு உருளையைத் தள்ளும் வலிமை இல்லாமற் போகிறது, தடை விழுவதில்லை, கைப்பிடி பின்னே ஓடுகிறது. முதியவருக்கு நேர்ந்தது இதுவே. பழுது என்று சொல்ல அந்த ரீலில் ஒன்றும் இல்லை. கோடைகாலத்திற்கென்று பூசிய கிரீஸ் அதில் நிறைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே ரீலைத் தேர்ந்தெடுக்கும்போது கடையில் அது எவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்பதற்கும், அதனுள் எத்தனை பேரிங் இருக்கின்றன என்பதற்கும் பெருமதிப்பு அளிக்கவேண்டியதில்லை. உறுப்புகள் மிகுந்தால் உறைவதற்குரிய இடங்களும் மிகும். பற்சக்கரத்தில் ஒரு நாக்கு விழுந்து தடுக்கும் பழைய முறை சிறிது ஓசையிடும். கைப்பிடியும் சற்றே ஆடும். எனினும் குளிரில் அதுவே நம்பத்தக்கது. அவ்வாறே, வேண்டும்போது பின்சுழற்சியை அனுமதிக்கும் சிறு நெம்பு ஒன்று முன்னெல்லாம் ரீல்களின் அடிப்புறத்தில் இருந்தது. இப்போது பலவற்றில் அதனை நீக்கிவிட்டார்கள். இது எனக்கு நல்லதாகப் படவில்லை. மீன் வலித்து இழுக்கும்போது, உறைந்த தடையை நம்பாமல், கையாலேயே பின்சுழற்றி நரம்பு விடும் வழக்கமுடைய தேர்ந்த கைகள் பல அங்கே உண்டு.

இனி ரீலின் வகை. ரீல் நேற்றுத் தோன்றிய கருவியன்று. சீன ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியம் ஒன்றில், குளிர்காலத்து நீர்ப்பரப்பில் தனிப்படகில் அமர்ந்து ஒருவன் தூண்டிலிடுகின்றான். அவன் கோலில் ரீல் காணப்படுகிறது. ரீலைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களுள் ஒன்றாக அதனைக் கூறுவர். உருளையே சுழன்று நரம்பை விடுவதும் சுற்றுவதும் அக்காலத்து முறை. பட்டம் விடும் சிறுவன் கையிலுள்ள நூற்கட்டை சுழல்வதைப் போன்றது அது. பின்னர் 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் துணியாலைத் தொழிலைச் சேர்ந்த ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்பார், நூற்பாலையில் பாபினிலிருந்து நூல் உரிந்து வருவதைக் கண்டு, உருளை அசையாதிருக்க அதன் முனைவழியாக நரம்பு உரிந்து செல்லும் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். நெடுந்தூரம் வீசுவதற்கு அது ஒப்பற்றது; இன்று உலகெங்கும் அதன் வழிவந்த ரீலே மிகுதியாக வழங்குகிறது.

ஆனால் பனிக்கட்டித் துளையில் வீசுவதற்கு என்ன இருக்கிறது? தூண்டில் நேராகக் கீழே இறங்கவேண்டும்; அவ்வளவே. அசையா உருளையின் முனைவழியாக நரம்பு உரியும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் ஒரு முறுக்கு ஏறுகிறது. திறந்த ஏரியில் இது பெரிதாகத் தெரியாது. இங்கேயோ கடுகளவே கனமுள்ள முள், மெல்லிய நரம்பில் செங்குத்தாகத் தொங்குகிறது. முறுக்கு அவிழ அவிழ அது பம்பரம்போல் சுழன்றுகொண்டே இருக்கும். குளிர்காலத்தில் மீனுக்கு அவசரம் இல்லை. இரையின் அருகே வந்து நெடுநேரம் நோக்கும். சுழலும் இரையைக் கண்டு ஐயுற்றுத் திரும்பிவிடும். ஆகவே ஆழங்குறைந்த இடங்களில் சிறு மீன்களை நாடுவோர், மா யுவானின் படகோட்டி கையில் இருந்த அந்தப் பழைய தத்துவத்திற்கே திரும்பி, உருளை சுழலும் ரீலைப் பயன்படுத்துகின்றனர். அதற்கும் ஒரு குறை உண்டு. பற்சக்கரப் பெருக்கம் இல்லாத எளிய வகைகளில், கைப்பிடி ஒருமுறை சுற்றினால் உருளையும் ஒருமுறையே சுற்றும். முப்பது நாற்பது அடி ஆழத்திலிருந்து பெரிய வாலாய் ஒன்றை மேலே கொண்டுவர அது மிகத் தாமதம். அங்கே இல்லிங்வொர்த் வழிவந்த ரீலே ஏற்றது. அதிலும் மிகச் சிறிய உருளையைத் தவிர்ப்பது நலம். உருளை சிறுத்தால் நரம்பு நெருங்கிச் சுருளும், குளிரில் அந்தச் சுருள் எளிதில் நீங்காது.

கைப்பிடிக் குமிழ் உலோகமாக இருக்கலாகாது. வெறும் விரலால் தொட்டவர்க்கு அதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

பேணும் முறையில் முதல் வேலை, குளிர்காலம் தொடங்குமுன் ரீலைத் திறந்து, கடையில் பூசிவந்த கிரீஸை அகற்றுவது. கிரீஸைக் கரைக்கும் திரவங்கள் விற்கின்றன. அவற்றைத் தீக்கருகில் வைத்துப் பயன்படுத்தக்கூடாது, பிளாஸ்டிக் உறுப்புகளை அவை அரிக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். பின்சுழற்சியைத் தடுக்கும் பேரிங்கைத் துடைத்துலர்த்தி, கடுங்குளிரிலும் இளகி நிற்கும் செயற்கை எண்ணெயில் ஒரு துளி இட்டால் போதும். இரண்டாவது துளி வேண்டாம். அங்கே எண்ணெய் மிகுந்தாலும் உருளைகள் வழுக்கும். பற்சக்கரங்களுக்குக் குளிர்காலத்திற்கென்று செய்யப்பட்ட மசகை மெல்லியதாகத் தடவலாம். எண்ணெயே இல்லாமல் உலர விடுவோரும் உண்டு. அது தேய்மானத்தை வலிய அழைப்பதாகும் என்பது என் கருத்து.

அடுத்தது இழுவைத் தடை. மீன் வலுவாக இழுத்தால் நரம்பு அறாமல் உருளை சிறிது வழுக்கிக் கொடுப்பதற்காக, ரீலில் வாஷர்களை அடுக்கித் திருகால் இறுக்கியிருப்பார்கள். இரண்டு முதல் நான்கு இராத்தல் எடையே தாங்கும் நரம்பைப் பயன்படுத்துவோர்க்கு இந்த வாஷர்களே உயிர்நிலை. அழுத்திய கம்பளியால் ஆன வாஷர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உறைந்தால், மீன் இழுக்கும் முதல் இழுப்பிலேயே நரம்பு அறும். கரிநார் வாஷர் அவ்விதம் ஈரம் குடிப்பதில்லை. எதுவாயினும், தூண்டிலை இறக்குமுன் நரம்பைக் கையால் சிறிது இழுத்துப் பார்க்கவேண்டும். ஓர் உறைவு இருந்தால் அப்போதே உடையட்டும். வேட்டை முடிந்ததும் திருகைத் தளர்த்திவிடவேண்டும். இல்லையேல் வாஷர்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும்.

நரம்பும் இதில் சேர்ந்ததே. நைலான் நரம்பு குளிரில் விறைத்து, உருளையில் சுருண்டிருந்த வடிவிலேயே நிற்கும். இரு கைகளால் சிறிது சிறிதாக இழுத்து நீட்டினால் ஓரளவு நேராகும். பின்னல் நரம்பு நீரைத் தன் இழைகளுக்கிடையே ஏந்திவந்து ரீலுக்குள்ளேயே உறையவிடும். ஆகவே அதனைக் காற்றுப்படாத குடிலுக்குள் மட்டும் கொள்வது நன்று.

எல்லாவற்றிலும் பெரிய தீங்கு, வெதுவெதுப்புக்கும் குளிருக்கும் இடையே ரீலை மாறி மாறிக் கொண்டுசெல்வதால் விளைகிறது. குளிர்ந்த நீர் நிறைத்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, வெளிக்குளிரிலிருந்து அடுப்பெரியும் குடிலுக்குள் வந்த ரீலும் வியர்க்கும். அந்த ஈரம் உள்ளுறுப்புகளில் படியும். மீண்டும் வெளியே எடுத்துச் சென்றதும் அது பனிக்கட்டியாகும். குடிலுக்குள் இருப்பதானால் உள்ளேயே இருக்கவேண்டும்; வெளியே என்றால் வெளியே. நிறுத்தி வைக்கச் சோம்பி ரீலைப் பனித்தரையில் கிடத்துவோரையும் கண்டிருக்கிறேன். பனித்தூள் அதன் சந்துகளில் புகுந்து கைச்சூட்டில் உருகிப் பின் இறுகும். கோலின் வளையங்களில் பனி படிந்தால் கோல்நுனியை மட்டும் துளைநீரில் ஒருகணம் தோய்த்தால் கரைந்துவிடும், காற்றைவிட அந்த நீர் வெப்பமானதாகையால். ரீலை ஒருபோதும் தோய்க்கலாகாது.

ஆனால் முழுவதும் நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் ரீல் ஒன்றும் அங்கே வழங்குகிறது. துளையின்மேல் குறுக்கே கட்டையொன்றை வைத்து, அதிலிருந்து இறங்கும் தண்டின் அடியில் உருளையைப் பொருத்தியிருப்பார்கள். மீன் கவ்வி உருளை சுழன்றால் மேலே சிறு கொடி நிமிரும். உருளை நீருக்குள் இருப்பதால் உறைவதில்லை. மின்னசோட்டாவில் பனிக்கட்டியின் வழியே ஒருவர் இரண்டு தூண்டில்கள் இடலாம் என்பது சட்டம். ஆகவே கையில் ஒரு கோலும் சற்றுத் தொலைவில் ஒரு கொடியுமாக அமர்ந்திருப்போர் பலர்.

வீடு திரும்பியதும் ரீலை உறையிலிட்டு மூடாமல், திறந்தவாறே ஓரிரவு உலரவிடவேண்டும். மறுமுறை ஏரிக்குப் போகுமுன் அதனைச் சோதிக்கவும் எளிய வழி ஒன்று உண்டு. என் அண்டை வீட்டு முதியவர் மீனை இழந்த மறுநாளே அந்த ரீலைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டார். அன்றிரவு அதனை ஒரு தாளில் சுற்றிச் சமையலறைக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில், பட்டாணிப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்தார். அங்கே வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரி. காலையில் எடுத்துக் கைப்பிடியைப் பின்புறமாக ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வருகிறீர்களா என்று என்னைக் கேட்டார்.